மீட்டரில் ஓடிய தூரம்

கோலாலம்பூரில் என் டாக்சியில் ஏறிய வயதான தமிழர்கள், வண்டி இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "தம்பி, எந்தத் தோட்டம்?" பெயரை அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். சிலர் கேட்காமலேயே இறங்கிப் போவார்கள். "நெகிரி செம்பிலான், சிலியாவ் பக்கம்" என்பேன். "சிலியாவா? என் நாத்தனாரை லிங்கியிலதான் கட்டிக் கொடுத்தோம்" என்று ஆரம்பித்தால், இறங்கும் இடம் வரை தோட்டக் கதைதான். பஹாவ், ரொம்பின், லாபு, சுவா பெத்தோங் என்று எத்தனையோ தோட்டத்துக்காரர்கள் என் பின் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். எல்லாரும் அதற்குள் செந்தூலிலோ கெப்போங்கிலோ பூச்சோங்கிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடிக்கு வந்துவிட்டவர்கள்.

தோட்டம் மூடிய கதையைச் சொல்கிறவர்கள் வேலை போனதைச் சொல்வார்கள், வீடு போனதைச் சொல்வார்கள். எல்லாம் பக்கத்தில் இருந்த வாழ்க்கை போனதை யாரும் சொல்வதில்லை. அதை நான் ஸ்டீரிங் பிடித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் பிறந்த தோட்டத்தில் எல்லாமே நடக்கிற தூரம். விடிவதற்கு முன்பே பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அங்கிருந்து நெத்தி விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் ரப்பர் நிரைக்குப் போவார்கள். கைப்பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். லயத்துக்குப் பின்னால் தமிழ்ப்பள்ளி, பள்ளிக்கு எதிரே மாரியம்மன் கோயில், கோயிலைத் தாண்டினால் கடை. கடையில் கணக்குப் புத்தகம் இருந்ததால் கையில் காசு இல்லாமலும் அரிசி வாங்கலாம். காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்கும் டிரசரிடம் போக வேண்டும். நடக்க முடியாத கிழவிக்கு டிரசரே சைக்கிளில் வருவார். வெட்டிய பாலைக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போவதுதான் பெரிய நடை.

அந்த வாழ்க்கையை நான் பூசி மெழுகிப் பேசவில்லை. சம்பளம் அற்பம். மழை பெய்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. வீடு நிர்வாகத்தினுடையது, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். ஆனாலும் ஒரு பிள்ளை பிறந்து, படித்து, கல்யாணம் கட்டி, கிழமாகிச் சாகும் வரைக்கும் தேவையான இடங்களெல்லாம் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் இருந்தன என்பதும் உண்மை.

அந்தத் தூரம் போதாதபோதுதான் டாக்சி வரும். பிரசவம் சிக்கலாகும் ராத்திரி, பாம்பு கடித்த நேரம், சாவுச் செய்தி வந்த வேளை. தோட்டத்தில் டெலிபோன் இருந்தது ஆபீசில் மட்டும். கிராணியை எழுப்பி, அவர் ரந்தாவ் டவுனுக்குப் பேசி, கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக ஒரு பழைய மெர்சிடிஸ் டீசல் வண்டி செம்மண் ரோட்டில் உறுமிக்கொண்டு வரும். ஓட்டுநர் ஒரு சீனப் பெரியவர். நாங்கள் எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்.

என் தங்கை பிறந்த ராத்திரி அம்மாவைச் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். பின் சீட்டில் சாக்கை விரித்து, அதன்மேல் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய துணியைப் போட்டார். டிரசர் முன்னால் உட்கார்ந்தார். பாட்டி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். குழி வரும் இடமெல்லாம் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, ஒரு சக்கரத்தை இறக்கி, அடுத்ததை இறக்கி அவர் ஓட்டிப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். சிவப்பு விளக்கு ரப்பர் மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் வண்டி குலுங்கவே இல்லை. வாடகையை அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோது அப்பா கொடுத்தார். நான் வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டது அந்த ராத்திரியிலிருந்துதான்.

டாக்சி ஓட்டத் தேவையான பி.எஸ்.வி. லைசென்ஸ் எடுத்த பிறகு முதலில் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே ஆள்கணக்கு டாக்சி ஓட்டினேன். முன்னால் ஒருவர், பின்னால் மூவர். நாலு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். அவசரக்காரர் காலி சீட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்வார். பழைய ரோட்டில் மந்தின் மலை வளைவுகளைக் கடந்து, செமினி, காஜாங் வழியாகப் போக வேண்டும். வாந்தி எடுக்காமல் வந்து சேரும் பிள்ளைகள் குறைவு. 1982-இல் கோலாலம்பூர்–சிரம்பான் நெடுஞ்சாலை திறந்தபின் அந்த வளைவுகள் எங்களை விட்டன. கோலாலம்பூர் புடுராயா பேருந்து நிலைய மாடியில் வெளியூர் டாக்சிகள் வரிசை பிடித்து நிற்கும். அங்கே நின்று "சிரம்பான், சிரம்பான்" என்று கூவியே என் தொண்டை உரம் ஏறியது.

அந்தக் காலத்தில்தான் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பட்டணத்து எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பினார்கள். லாபு பக்கத்திலிருந்து ஓர் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு சிரம்பான் ஸ்டாண்டுக்கு வந்தார். பால் கறை போகாத கை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். மற்ற மூன்று பயணிகளும் ஆண்கள். "முன் சீட்டு என் மகளுக்கு" என்றார். அங்கே முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்க் கைகூப்பிப் பேசி எழுப்பிப் பின்னால் உட்கார வைத்தார். பிறகு வண்டிக்கு முன்னால் நின்று, சிகரெட் டப்பாவைக் கிழித்து என் நம்பர் பிளேட்டை எழுதிக்கொண்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. "தம்பி, ஹாஸ்டல் வாசல்ல எறக்கி விட்டுருங்க, புடுவுல விட்றாதீங்க" என்றார். மற்றவர்களைப் புடுராயாவில் இறக்கிவிட்டு அந்தப் பெண்ணை ஹாஸ்டல் வாசலிலேயே கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறந்துவிட்டு வார்டன் வருகிற வரைக்கும் நின்றேன். பின்னால் வாசல் வரை கொண்டுபோய் விடும் இந்த ஒரு வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்யப்போகிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில் நகர டாக்சிக்கு மாறினேன். சிவப்பும் வெள்ளையுமாகப் புரோட்டோன். பெர்மிட் ஒரு கம்பெனியின் பெயரில், வண்டியும் அவர்களுடையது. தினமும் வாடகை கட்ட வேண்டும். மழையா வெயிலா, எனக்குக் காய்ச்சலா, வண்டி ஒர்க்ஷாப்பில் கிடக்கிறதா என்று வாடகை கேட்காது. காலையில் ஏறுகிற முதல் பயணிகளின் காசு எல்லாம் வாடகைக்குப் போகும், அடுத்தது எண்ணெய்க்கு. அதற்கு மேல் வருவதுதான் வீட்டுக்கு. நள்ளிரவு 12-லிருந்து காலை 6 வரைக்கும் மீட்டரில் 50 விழுக்காடு கூடும் என்பதால், பிள்ளைகளின் பள்ளிச் செலவு வரும் மாதங்களில் ராத்திரியில் ஓட்டினேன். சாயங்கால மழைக்கு ஜாலான் துன் ரசாக்கில் மாட்டிக்கொண்டால் மூத்திரத்தை அடக்கியே நேரம் போகும். என்னோடு ஓட்டியவர்கள் பலர் சர்க்கரை, முதுகுவலி, சிறுநீரகக் கல் என்று படுத்தார்கள். பெர்மிட்டைத் தனி ஓட்டுநர் பெயரில் கொடுங்கள் என்று எங்கள் தலைமுறை கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கோரிக்கை நியாயமானது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த வருசங்களில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ரப்பர் விலை போகவில்லை. மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தினமும் விடியலில் ஒவ்வொரு மரமாகக் கீற வேண்டியது ரப்பர். செம்பனைக்கோ குலை பழுக்கும்போது ஆள் போனால் போதும். கொஞ்சம் ஆளே தேவை, அந்த ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார்கள். பிறகு மண்ணையே விற்றார்கள். வேலை போனவருக்கு 1980-ஆம் ஆண்டு விதிப்படி இழப்பீடு உண்டு. ஐந்து வருசத்துக்கு மேல் உழைத்திருந்தால் ஒவ்வொரு வருசத்துக்கும் 20 நாள் சம்பளம். எங்கள் தோட்டமும் கை மாறியது. அப்பா அந்தக் காசோலையை வாங்கி மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்தார். சம்பளமே சொற்பம், அதில் 20 நாள் என்றால் எவ்வளவு வரும்? ஆனாலும் அந்தக் கணக்கையாவது யாரோ போட்டார்கள். டிரசர் வீடு, பள்ளி, கோயில், கடை இவையெல்லாம் எட்டிப்போனதற்கு எந்த விதியிலும் கணக்கு இல்லை.

அதற்கான கணக்கு என் மீட்டரில் விழுந்தது. லிங்கித் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு பாட்டியைக் கோலாலம்பூர் பொது மருத்துவமனை வாசலில் ஏற்றினேன். முன்னால் நின்ற வண்டிகள் செந்தூல் என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டன. கிட்டத்து ஓட்டம், நெரிசலான நேரம், வாடகை தேறாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அந்த நெருக்கடியை நானும் அனுபவித்தவன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கண்ணில் பஞ்சு ஒட்டி நிற்கிற ஒருத்தியை விட்டுப் போக எந்த நியாயமும் போதாது.

ஏறி உட்கார்ந்ததும் அவர் கண் மீட்டரிலேயே நின்றது. எண் மாறும்போதெல்லாம் உதடு அசைந்தது. "நில்லுப்பா, அதுக்கு மேல எங்கிட்ட இல்ல" என்றார், வீட்டுக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கும்போது. முந்தானை முடிச்சை அவிழ்த்து 50 காசு, 20 காசு என்று மடியில் அடுக்கினார். வலது கை ஆள்காட்டி விரல் உளி பிடித்தே வளைந்துபோயிருந்தது, நீட்ட வரவில்லை. மீட்டரை நிறுத்திவிட்டு ஓட்டினேன். "தோட்டத்துல டிரசர் வூட்டுக்கே வந்து கண்ணுக்கு மருந்து ஊத்திட்டுப் போவாரு. இங்க கண்ணுக்கு ஒரு பஸ், சக்கரைக்கு ஒரு பஸ், ரத்தம் எடுக்க ஒரு டாக்சி. மவன் சம்பாதிக்கிறது ரோட்டுலயே போவுது" என்றார். நான் வருசக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததை அந்தப் பாட்டி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தோட்டத்தில் காலால் கடந்ததை எல்லாம் நகரத்தில் காசால் கடக்க வேண்டியிருந்தது.

1999-ஆம் ஆண்டு என்னைத் திரும்பவும் எங்கள் ஊர்ப்பக்கம் இழுத்தது. புக்கிட் பெலாண்டோக்கிலும் சுங்கை நிப்பாவிலும் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள். மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் புதிய கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரின் பெயரே அதற்கு நிப்பா வைரஸ் என்று ஒட்டிக்கொண்டது. நாடு முழுக்க 265 பேருக்குக் கண்டது, 105 பேர் இறந்தார்கள். ராணுவம் வந்து பன்றிகளைக் கொன்று புதைத்தது.

எங்கள் தோட்டங்களுக்கும் அந்தக் கிராமங்களுக்கும் இடையே எல்லை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அங்கே இருந்த உறவினரைக் கொண்டுவர முடியுமா என்று கோலாலம்பூரில் ஒரு சீனக் குடும்பம் டாக்சி டாக்சியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் யாரும் வரவில்லை. நான் போனேன். பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. ஒரு கிழவரும் கிழவியும் மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். முன்னோர் பலகையைத் துணியில் சுற்றிக் கிழவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினேன். வழியெல்லாம் அவர்கள் பேசவில்லை. இறங்கியதும் கிழவர் இரட்டை வாடகையை நீட்டினார். மீட்டர் காட்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகுமுன் வண்டியை டெட்டால் போட்டுக் கழுவினேன், மனைவிக்கு மறுநாள்தான் சொன்னேன். எங்கள் அம்மாவைச் சாக்கு விரித்துக் கொண்டுபோன தவுக்கே அப்போது உயிரோடு இல்லை. அவருக்கு நான் கட்ட வேண்டிய வாடகை ஒன்று பாக்கி இருப்பதாகவே எனக்கு நினைப்பு.

புத்ராஜெயா எழுந்த நிலத்தில் பெராங் பெசார், கெலோவே, மெடிங்லி, செட்ஜ்லி என்று நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். அங்கிருந்து ஒரு பெரியவரைப் புத்ராஜெயா மருத்துவமனைக்கு ஏற்றிப் போனேன். அகலமான ரோடு, வரிசையாக அரசாங்கக் கட்டடங்கள். அவர் கண்ணாடிப் பக்கம் கையை நீட்டிக்கொண்டே வந்தார். "இந்த மேடுதாம்பா என் நெரை. அந்தா, அந்தப் பள்ளத்துல ஸ்டோரு. இங்கருந்து ஸ்டோருக்குப் பாலத் தூக்கிட்டு ஓடுவேன்." மேடும் பள்ளமும் என் கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் சமமாகிவிட்டிருந்தன. அவர் காலுக்கு இன்னும் தெரிந்தது. தான் நடந்து நடந்து தேய்த்த மண்ணில் வாடகை வண்டியில் ஏறி, வைத்தியத்துக்குப் போகும் மனிதர் அவர். 1998-இல் செப்பாங்கில் திறந்த விமான நிலையத்துக்கும், அதே வருசம் காமன்வெல்த் விளையாட்டு நடந்த புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கும் எத்தனையோ வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிப் போயிருக்கிறேன். இங்கே முன்னால் என்ன இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்: தோட்டம் இருந்தது, எங்கள் ஆட்கள் இருந்தார்கள். கேட்காத சிலருக்கும் சொன்னேன்.

பிறகு கைப்பேசியில் கூப்பிடும் காலம் வந்தது. 2012-இல் மைடெக்சி, அதுவே பிறகு கிராப் ஆனது. ஊபரும் வந்தது. வாடகை முன்னாலேயே தெரிகிறது, மீட்டரைப் பார்த்து உதடு அசைக்க வேண்டியதில்லை. இது பயணிகளுக்கு நல்லது, மனதாரச் சொல்கிறேன். தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் நிறையப் பேர் இன்றைக்குச் சொந்தக் கார் வைத்து ஓட்டுகிறார்கள். கம்பெனி வாடகைக்கு நாங்கள் பட்ட பாட்டை அவர்கள் படவில்லை, ஆனால் கார் தவணையும் செயலிக்காரர் எடுக்கும் பங்கும் அவர்கள் கழுத்தில் இருக்கின்றன.

நான் இப்போது சிரம்பானுக்கே வந்துவிட்டேன். வண்டியைத் தொழிலாக ஓட்டுவதில்லை. ஆனால் ரந்தாவ், சிலியாவ், லிங்கிப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற தோட்டங்களில் வயதானவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பட்டணத்தில், இவர்கள் செம்பனைக்கு நடுவில். தோட்டத்து ஆஸ்பத்திரி எப்போதோ மூடியாகிவிட்டது. கைப்பேசியில் அழைத்தால் செம்மண் ரோட்டுக்குள் வர ஓட்டுநர்கள் தயங்குகிறார்கள். பலருக்கு அந்தக் கைப்பேசியைத் தட்டவும் தெரியாது. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் காலையில் நேரம் கொடுத்திருந்தால், முதல் நாள் ராத்திரியே மகள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். சிலர் போகாமலே விட்டுவிடுகிறார்கள். அவர்களில் நாலைந்து பேரை நான் முறை வைத்துக் கொண்டுபோய்க் கூட்டி வருகிறேன். அது போதாது.

என் கோரிக்கை பெரிதல்ல. நெகிரி செம்பிலானில் எத்தனையோ கோயில் நிர்வாகங்கள் இருக்கின்றன, தமிழ்ப்பள்ளி வாரியங்கள் இருக்கின்றன, தோட்டத்து மண்ணில் வீடு கட்டி விற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, மாநில அரசு இருக்கிறது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு வேன், வாரத்தில் குறித்த நாட்கள், தோட்டத்து வாசலிலிருந்து மருத்துவமனை வாசலுக்கு. திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிற நமக்கு இது முடியாத காரியமில்லை. ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டாம். இந்த ரோடுகளில் குழி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பழைய டாக்சிக்காரர்கள் இந்த மாநிலம் முழுக்க இருக்கிறோம். வேனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், சாவியை வாங்க நாங்கள் வருகிறோம்.